மூன்று ஆண்டுகள் ஓடாமல் நிற்கப்போகும் பழைய கார்: எஞ்சினை எப்படிப் பாதுகாத்து வைப்பது?

சக்கரவாகம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1962ஆம் ஆண்டில் தயாரான நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்று உள்ளது. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு; ராக்கர் எனும் சிறு நெம்புகோல்கள் வழியாக இயங்கும் மேல் வால்வுகள்; ஒற்றைக் கார்புரேட்டர்; எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் பழைய வகைப் பெட்ரோல் பம்ப். நான்கு ஆண்டுகளுக்கு முன் எஞ்சினை முழுமையாகப் பிரித்து, சிலிண்டர்களின் உட்சுவரைக் கடைந்து போர் செய்து, புதிய பிஸ்டனும் ரிங்குகளும் போட்டேன். அதன்பின் 6,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.

பணி நிமித்தமாக மூன்று ஆண்டுகள் வெளியில் தங்க வேண்டிய நிலை. கார் பூட்டிய கொட்டகையில், சிமென்ட் தரையில் நிற்கும். மழைத் தண்ணீர் உள்ளே வராது என்றாலும், ஈரமான மாதங்களில் அங்குள்ள இரும்புக் கருவிகளின் மேல் மெல்லிய துரு படிவதைப் பார்த்திருக்கிறேன். என் தம்பி பொறுப்பேற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு எஞ்சினைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் ஞாயிறுதோறும் தவறாமல் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுகிறேன் என்று உறுதியாகக் கூறுகிறான்.

அப்படி வாரம் ஒருமுறை ஓடவிட்டாலே போதும் என்கிறார்கள் சிலர். எல்லாவற்றையும் வடித்துவிட்டு எஞ்சினை எண்ணெயில் ஊற வைத்தாற்போல் விட்டுவிட வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். பெட்ரோல் டேங்க்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா, ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கலாமா, சிலிண்டருக்குள் எந்த எண்ணெயை எவ்வளவு விட வேண்டும் என்பவற்றிலும் ஒருவர் சொல்வதற்கு இன்னொருவர் நேர்மாறாகச் சொல்கிறார். புறப்பட எனக்கு இன்னும் மூன்று வாரங்கள் உள்ளன. வேலை எவ்வளவு நேரம் பிடித்தாலும் சரி, திரும்பி வரும்போது அந்த எஞ்சின் இன்றுள்ள நிலையிலேயே இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறைமூத்தவர்

தம்பி, முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பார்த்த வரையில் நின்றே கெட்டுப்போன எஞ்சின்களில் பாதி, அன்போடு வாரம்தோறும் ஓடவிடப்பட்டவைதான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி, வண்டி சாலையில் பாரம் இழுத்து ஓடும்போது அது ஆவியாகச் சைலன்சர் வழியே வெளியேறிவிடுகிறது. குளிர்ந்த எஞ்சினில் அது சிலிண்டர் சுவரிலும் சைலன்சரின் உட்புறத்திலும் நீராகப் படிகிறது. ஒரு பகுதி ரிங்குகளைத் தாண்டி, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் இறங்குகிறது. இதற்கிடையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்வதால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, சம்ப்பில் உள்ள ஆயிலையும் நீர்த்துப்போகச் செய்கிறது. பத்து நிமிடத்தில் மீட்டர் முள் நடுவுக்கு வந்துவிடுகிறதே என்று நினைக்கலாம். அந்த முள் காட்டுவது ரேடியேட்டர் நீரின் சூட்டை. ஆயில் சூடாவதற்கு அதைவிட நெடுநேரம் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் தம்பி எஞ்சினுக்குள் கொஞ்சம் தண்ணீரை விட்டு மூடிவிட்டுப் போவதற்கு ஒப்பான காரியம் அது.

என் பட்டறைக்கு ஒருமுறை ஒரு கார் வந்தது. உரிமையாளர் இரண்டு ஆண்டுகள் ஒரு வாரம்கூடத் தவறாமல் ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். தேதிகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருந்தார். ராக்கர் மூடியைத் திறந்தபோது உட்புறம் முழுவதும் வெண்ணெய் பூசினாற்போல் ஆயிலும் நீரும் கலந்த குழம்பு. வால்வுகளை இயக்கும் டேப்பட்டுகளின் அடிமுகத்தில் துரு தின்ற குழிகள். அவற்றைத் தள்ளும் கேம்ஷாஃப்டை மாற்ற வேண்டியதாயிற்று. சைலன்சரை விரலால் அழுத்தினால் உள்ளே போனது. அக்கறை இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்வதற்கு எனக்கு மனமே வரவில்லை.

எனவே வழி இரண்டுதான் உண்டு. வண்டியை ஓட்டத் தெரிந்த ஒருவர் மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட்டிச் சூடேற்றிக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அல்லது முறையாகத் தயார் செய்து, பிறகு யாரும் சாவியைத் தொடவே கூடாது. உங்கள் நிலைமைக்கு இரண்டாவது வழியே ஏற்றது.

கடைசி ஓட்டத்திலிருந்து தொடங்குங்கள். 30 கிலோமீட்டராவது ஓட்டி வந்து, எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை முழுவதும் வடித்துவிடுங்கள். ஆயில் பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். எரிதலில் உண்டாகும் அமிலங்கள் அதில் கலந்திருக்கும். மூன்று ஆண்டுகள் அவை பேரிங் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது நல்லதல்ல. ஃபில்டரை மாற்றி, புதிய ஆயில் ஊற்றி, எஞ்சின் ஆறுவதற்குள் சில நிமிடங்கள் ஓடவிட்டால் புது ஆயில் எல்லா வழிகளிலும் போய்ச் சேரும். நீண்ட கால இருப்புக்கென்றே துருத்தடுப்பு மருந்து கலந்த எஞ்சின் ஆயில்கள் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் எம்ஐஎல்-பிஆர்எஃப்-21260 என்னும் தரக்குறிப்பு அந்த வகையைச் சேர்ந்தது. அது கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். சாதாரண ஆயில் நாளடைவில் உலோகத்தை விட்டு வழிந்து இறங்கிவிடும். இது ஒட்டிக்கொண்டு நிற்கும்படி செய்யப்பட்டது.

அடுத்து சிலிண்டர்கள். கார்புரேட்டர் வாயில் தெளிப்பதற்கான பாதுகாப்பு எண்ணெய் ஸ்பிரே வடிவில் கிடைக்கிறது. எஞ்சின் சற்று வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தெளித்துக்கொண்டே போனால் அடர்ந்த புகை கிளம்பும். அந்த நிலையில் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். இன்டேக் வால்வின் தண்டும் அதன் முகமும் இதில்தான் எண்ணெய் பெறுகின்றன. பிளக் துளை வழியாக விடும் எண்ணெய் அங்கே போகாது. பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 10 முதல் 15 மில்லிலிட்டர் வரை அதே எண்ணெயைச் சுவர் முழுவதும் படும்படி பீய்ச்சுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலேயே எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலால் ஐந்தாறு சுற்றுகள் மெதுவாகச் சுற்றினால் எண்ணெய் ரிங்குகளின் இடுக்குகளுக்குள் போகும். கடைசியாக இன்னும் ஒருமுறை லேசாகத் தெளித்துவிட்டு, சுற்றாமல் பிளக்குகளை மாட்டிவிடுங்கள். அதிகம் ஊற்றினால் அதிகம் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே எண்ணெய் தேங்கி நின்றால், செல்ஃப் அடித்த மாத்திரத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ராக்கர் மூடியைத் திறந்து, 200 மில்லிலிட்டர் அளவு ஆயிலை ராக்கர்களின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். அது ராக்கர்களைத் தள்ளும் புஷ்ராடு தண்டுகளின் துளைகள் வழியாக இறங்கி டேப்பட்டையும் கேமையும் நனைக்கும். அப்படியே ராக்கர் திருகுகளைத் தளர்த்திவிட்டால் எட்டு வால்வுகளும் மூடிக்கொள்ளும். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். அந்த வழியாக ஈரக் காற்று போய் ரிங் தொடும் இடத்தில் ஒரு வளையம் போலத் துரு பிடிக்கும். வால்வு ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்பதற்காகத் திருகைத் தளர்த்துகிறவர்கள் உண்டு. நல்ல ஸ்பிரிங் அமுங்கி நிற்பதால் மட்டும் எளிதில் கெடாது. சிலிண்டரை மூடுவதற்காகவே நான் இதைச் செய்கிறேன். தளர்த்தும்போது புஷ்ராடுகள் டேப்பட்டின் குழியிலிருந்து விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை ஹேண்டிலால் கால் சுற்று சுற்றிவிடச் சொல்லி உங்கள் தம்பியிடம் கூறிவிட்டுப் போகலாம். எங்கள் காலத்தில் அப்படித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

எரிகலன்

மூத்தவர் சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். அவர் தொடாமல் விட்ட பெட்ரோலைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். கார்புரேட்டர் பழுதுபார்ப்பதுதான் என் முழுநேர வேலை.

டேங்க்கை நிரப்புவதா, காலி செய்வதா என்பதில் இரு தரப்பினரும் சொல்வது வெவ்வேறு கால அளவுக்குப் பொருந்தும். ஆறு மாதம், ஒரு வருடம் என்றால் எத்தனால் கலக்காத பெட்ரோலைக் கழுத்து வரை நிரப்பி, கெடாமல் காக்கும் மருந்தைச் சேர்த்து வைப்பது நல்லது. காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் டேங்க்கின் உள்சுவரில் நீர் படியவும் இடம் இல்லை. அந்த மருந்து புதிய பெட்ரோல் பழையதாவதைத் தாமதப்படுத்துமே தவிர, பழையதைப் புதியதாக்காது. ஆகவே பெட்ரோல் வாங்கிய அன்றே அதைக் கலக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் என்பது அந்த மருந்தின் எல்லைக்கும் அப்பாற்பட்டது. எளிதில் ஆவியாகும் பகுதிகள் பறந்துவிடும். எஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாகும். அந்தப் பிசின் கார்புரேட்டரில் ஊசி முனையளவுத் துளை கொண்ட ஜெட்டுகளை அடைத்தால், கரைப்பானில் நாள் கணக்கில் ஊறவைத்தாலும் சில சமயம் வழிவிடாது.

இன்று பல இடங்களில் பெட்ரோலோடு எத்தனால் கலந்தே வருவதால் நிலைமை இன்னும் கடினமாகியிருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஏறத்தாழ அரை சதவீத நீரைத்தான் தன்னுள் வைத்திருக்க முடியும். 40 லிட்டர் டேங்க்குக்கு அது 200 மில்லிலிட்டர். அதற்கு மேல் நீர் சேர்ந்தாலும், அல்லது வெப்பநிலை குறைந்தாலும், நீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் அந்த அடியில்தான் இருக்கிறது. இரும்புத் தகடு, கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை வார்ப்பு, 1962ஆம் ஆண்டின் ரப்பர் ஆகிய எதுவும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல.

எனவே உங்கள் காருக்கு டேங்க்கை முழுவதும் வடித்து, உலர்த்தி, உட்புறத்தில் துருத்தடுப்பு எண்ணெயைப் புகையாகத் தெளித்து, வாயை மூடி வையுங்கள். இந்த வேலையைத் திறந்த வெளியில், பேட்டரியைக் கழற்றிய பிறகே செய்யுங்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. அதில் நிறைந்திருக்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். இதை நான் வெறும் வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. தயவுசெய்து இந்த ஒரு வரியை இரண்டு முறை படியுங்கள்.

மூத்தவர் சொன்ன கடைசி ஓட்டத்தில் ஒரு சிறு மாற்றத்தைப் பரிந்துரைக்கிறேன். சாலை ஓட்டம் முடிந்த பின், பம்ப்பின் உறிஞ்சும் குழாயைத் தனி டப்பாவில் விட்டு, ஆல்கைலேட் பெட்ரோல் எனப்படும் தூய வகையில் எஞ்சினை ஓடவிட்டு, அந்த ஓட்டத்திலேயே எண்ணெய்ப் புகையைத் தெளித்து நிறுத்துங்கள். சிறு தோட்டக் கருவிகளுக்காக விற்கப்படும் இந்தப் பெட்ரோலில் எத்தனால் இல்லை. பல ஆண்டுகள் இருந்தாலும் பிசின் பிடிப்பது அரிது. ஜெட்டுகளுக்குள் தங்கும் துளிகள் இதுவாக இருந்தால் கவலையே இல்லை. பிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் மிதவைக் கிண்ணத்தைத் திறந்து வடித்துத் துடைத்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் முடுக்கு பம்ப் என்ற பகுதி உங்கள் கார்புரேட்டரில் இருந்து, அதில் தோல் வாஷர் இருக்குமானால் அதைக் கழற்றி, மெல்லிய எண்ணெயில் நனைத்து, உறையில் போட்டு வையுங்கள். உலர்ந்துபோன தோல் சுருங்கிவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் எஞ்சின் திணறுவதற்கு அது காரணமாகும்.

சக்கரவாகம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் வேண்டாம் என்று தம்பியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். காரணத்தைக் கேட்டபோது அவனுக்கும் வியப்பாக இருந்தது.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. மாதம் ஒருமுறை கால் சுற்று சுற்றிவிடலாம் என்று மூத்தவர் சொல்கிறார். எண்ணெய் தெளித்து அசைக்காமல் விட்ட பிறகு மீண்டும் சுற்றினால், அந்தப் படலம் வழித்தெடுக்கப்பட்டுவிடாதா? மேலும், எஞ்சினின் வாய்களை எல்லாம் அடைத்துவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் போகுமே, அது பரவாயில்லையா?

வானூர்திப்பணிமனை

உங்கள் இரண்டு ஐயங்களும் மிகச் சரியானவை. பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறு விமானங்களைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன்; எங்கள் துறையில் இதே கேள்விக்கு எழுத்து வடிவிலான வழிமுறைகளே உண்டு, ஏனென்றால் சிறு விமானங்களின் எஞ்சின்கள் உழைத்துத் தேய்வதைப் போலவே, பறக்காமல் நின்று துருப்பிடித்தும் கெடுகின்றன.

விமான எஞ்சின் தயாரிப்பாளரான லைகமிங் தன் வெளியீடுகளில் இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்கிறது. தரையில் நிறுத்தி ஓடவிடுவது பறப்பதற்கு ஈடாகாது என்பது ஒன்று. மூத்தவர் முதலில் சொன்ன அதே காரணம்தான். ஓடாத எஞ்சினைக் கையால் சுற்றுவது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும் என்பது மற்றொன்று. கையால் சுற்றும்போது ஆயில் பம்ப்பில் அழுத்தம் எழாது. ரிங்குகள் சிலிண்டர் சுவரிலிருந்த எண்ணெயை வழித்துக்கொண்டு போகும். அந்த இடத்துக்குப் புதிய எண்ணெய் வராது. கேமும் டேப்பட்டும் உரசும் இடத்திலும் இதுவே நிகழும். ஆகவே பாதுகாத்து மூடிய எஞ்சினை மூன்று ஆண்டுகளும் அசைக்காமல் விடுவதே மேல் என்பது என் கருத்து.

இரண்டாவது ஐயத்துக்கு 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்சா நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சி நல்ல பாடம். ஓக்லஹோமா மாநிலம் உருவான 50ஆம் ஆண்டை ஒட்டி, புத்தம் புதிய பிளிமத் பெல்வடியர் காரைப் பாதுகாப்புப் பூச்சு பூசி, உறையில் சுற்றி, கான்கிரீட் அறையில் வைத்துத் தரைக்கு அடியில் மூடினார்கள். 50 ஆண்டுகள் கழித்து எடுப்பவர்களின் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் போகலாம் என்று எண்ணி, பெட்ரோலையும் ஆயிலையும்கூட உடன் வைத்திருந்தார்கள். 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறந்தபோது அறைக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. கார் முழுவதும் துருப்பிடித்து, எஞ்சின் மீட்க முடியாத நிலையில் இருந்தது. புகுந்த நீருக்கு வெளியேறும் வழி இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கும் ஒருவருக்கும் வழி இல்லை. மூடுவதானால் உலர்ந்த நிலையில் மூட வேண்டும். மூடிய பின் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியிலிருந்தே அறியும் ஏற்பாடும் வேண்டும்.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்குகிறது. 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும். இதற்காக எங்களிடம் உலர்த்தி பிளக்குகள் என்றொரு பொருள் உண்டு. ஸ்பார்க் பிளக்குக்குப் பதிலாகத் துளையில் திருகி மாட்டும் ஒளிபுகும் குப்பி அது. உள்ளே சிலிக்கா ஜெல் மணிகள் இருக்கும். உலர்ந்திருக்கும்போது நீலமாகவும், ஈரத்தை உறிஞ்சி நிறைந்தபின் இளஞ்சிவப்பாகவும் மாறும் வகை அதில் பழக்கமானது. கார் பிளக்கின் மரை அளவுக்குப் பொருந்துவதும் கிடைக்கிறது. உங்கள் தம்பி மாதம் ஒருமுறை பானட்டைத் திறந்து நான்கு குப்பிகளின் நிறத்தைப் பார்த்தால் போதும். நிறம் மாறியிருந்தால் வேறு மணிகளை மாற்றிவிட்டு, பழையவற்றை அடுப்பில் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். உணவு சமைக்கும் அடுப்பில் மட்டும் வேண்டாம்; அந்த நீல நிறம் கோபால்ட் உப்பினால் வருவது, நச்சுத்தன்மை கொண்டது.

சைலன்சரின் வாய், கார்புரேட்டரின் வாய், ஆயில் ஊற்றும் வாய், சம்ப்பின் மூச்சுக்குழாய் ஆகிய நான்கையும் எண்ணெய்த் தாள் வைத்து, மேலே அகன்ற நாடா ஒட்டி மூடுங்கள். மூடுவதற்கு முன் சைலன்சர் பக்கமும் கார்புரேட்டர் பக்கமும் உலர்த்தி மணிகள் கொண்ட பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். பையின் நூல் வெளியே தெரிய வேண்டும். எலிகளுக்காக இரும்புக் கம்பிச் சுருளைச் சைலன்சருக்குள் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுருள் துருப்பிடித்துச் சைலன்சரையும் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடிக்காத எஃகு வலைதான் அதற்கு உரியது. சிமென்ட் தரை நிலத்தின் ஈரத்தை மேலே விடும் என்பதால், காருக்கு அடியில் தடித்த பாலித்தீன் விரிப்பைப் பரப்புங்கள். காரின் மேல் போடும் உறையோ காற்றுப் புகும் துணியாக இருக்கட்டும்.

பட்டறைமூத்தவர்

கையால் சுற்றுவதைப் பற்றி ஐயா சொன்னதை இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது திறந்த கொட்டகையில், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்கும் எஞ்சின்களுக்கு; ரிங் ஒரே இடத்தில் பிடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காகச் சுற்றச் சொன்னார்கள். எண்ணெய் தெளித்து, வால்வுகளை மூடி, உலர்த்தி பிளக்கும் மாட்டிய எஞ்சினுக்கு அந்தத் தேவை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தம்பி, அந்தக் கால் சுற்றை விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக கிளட்ச்சைக் கவனியுங்கள். நின்றுபோன கார்களில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வது வழக்கம். உங்களுடையது ஹைட்ராலிக் இல்லாமல் கேபிள் அல்லது கம்பியில் இயங்குவதானால், பெடலை அமுக்கி ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து வைத்தால் ஒட்டாது. ஃபேன் பெல்ட்டையும் தளர்த்திவிடுங்கள்.

நீர்க்குழாய்

ரேடியேட்டரைப் பற்றி ஒருவரும் சொல்லாததால் எழுதுகிறேன். தண்ணீரை வடித்துவிட்டுக் காலியாக வைப்பது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். வார்ப்பிரும்பு பிளாக்குக்குள் எவ்வளவு வடித்தாலும் ஈரம் மிஞ்சும். ஈரமும் காற்றும் சேர்ந்த இடத்தில்தான் துரு மிக விரைவாகப் பிடிக்கும். வெறும் தண்ணீரை நிரப்பி வைப்பதும் தவறு. குளிர் மிகுந்த இடமானால் உறையும்போது நீரின் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகி, பிளாக்கையே பிளந்துவிடும்.

ஆகவே கடைசி ஓட்டத்துக்கு முன்பாகவே பழையதை வடித்து, பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள வடிகுழாயையும் திறந்து, பின்பக்கச் சிலிண்டர்களைச் சுற்றித் தங்கியிருக்கும் சேற்றைக் கழுவி எடுங்கள். பிறகு எத்திலீன் கிளைகால் வகைக் கூலன்ட்டையும் கனிமம் நீக்கிய நீரையும் சரிபாதியாகக் கலந்து விளிம்பு வரை நிரப்புங்கள். இந்தக் கலவை கழித்தல் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. பித்தளை ரேடியேட்டரும் ஈயப் பற்றும் கொண்ட பழைய கார்களுக்கு, சிலிகேட் கலந்த பழைய வகைக் கூலன்ட்தான் பொருத்தம். கடைசி ஓட்டத்தில், சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்து, கலவை ஹெட் வரை போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் முன்பே நிரப்பச் சொல்கிறேன். துருத்தடுப்பு மருந்தின் வலிமை காலப்போக்கில் குறையும். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்றித் தம்பியின் வீட்டில் வைத்து, மிதமாகச் சார்ஜ் செய்துகொண்டே இருக்கும் கருவியில் மாட்டுங்கள். அந்தக் காலத்துக் கார்களில் பலவற்றுக்கு நேர்முனையே பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். எது எர்த் என்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அதை முதலில் கழற்றுங்கள்.

வானூர்திப்பணிமனை

திரும்பி வந்தபின் செய்ய வேண்டியதையும் இப்போதே எழுதிவிடுகிறேன். மூன்று ஆண்டுகள் கழித்து ஆர்வ மிகுதியில் நேராகச் சாவியைத் திருப்பிவிடக்கூடாது. எல்லா அடைப்புகளையும் எடுத்து எண்ணிப் பாருங்கள். சிலிண்டர்களுக்குள் மீண்டும் சிறிது எண்ணெய் தெளித்து ஒரு நாள் ஊறவிடுங்கள். ராக்கர் திருகுகளைச் சரியான இடைவெளிக்கு வைத்து, பிளக்குகள் இல்லாமல் ஹேண்டிலால் இரண்டு முழுச் சுற்றுகள் கையுணர்வோடு சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் பலத்தைக் காட்டாமல் நிறுத்துங்கள். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக்குகள் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் அழுத்த முள் எழும் வரை காத்திருங்கள். செல்ஃப் மோட்டார் சூடாகாமல் இருக்க, பத்துப் பத்து விநாடியாக இடைவெளி விட்டு அடியுங்கள். முள் எழாவிட்டால் பம்ப்பில் ஆயில் வற்றியிருக்கிறது என்று பொருள். அதை நிரப்பாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. அழுத்தம் வந்தபின் கார்புரேட்டரைப் பூட்டி, புதிய பெட்ரோலும் பெட்ரோல் குழாய்களும் போட்டு, சுத்தமான பிளக்குகளை மாட்டுங்கள். முதல் சில நிமிடங்கள் கடும் புகை வரும். அது நீங்கள் தெளித்துவிட்டுப் போன எண்ணெய்தான்.

சக்கரவாகம்

பெரியவர்கள் அனைவருக்கும் என் நன்றி. நேற்று வேலையை முடித்துவிட்டேன். புதிய கூலன்ட் நிரப்பி 35 கிலோமீட்டர் ஓட்டி வந்தேன். மறுபடி எப்போது ஓட்டுவேன் என்ற நினைப்பில் அந்த ஓட்டம் சற்று நீண்டுவிட்டது. சூடான ஆயிலை வடித்துப் பாதுகாப்பு ஆயில் ஊற்றினேன். ஆல்கைலேட் பெட்ரோலில் ஓடவிட்டு எண்ணெய் தெளித்தபோது கொட்டகை முழுவதும் புகை சூழ்ந்து, பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். முடுக்கு பம்ப்பில் தோல் வாஷரேதான் இருந்தது. உறையில் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிட்டேன்.

ராக்கர் தளர்ந்திருக்கிறது, சிலிண்டரில் எண்ணெய் இருக்கிறது, டேங்க் காலி, சைலன்சரும் கார்புரேட்டரும் அடைக்கப்பட்டுள்ளன, கிளட்ச் பெடல் கட்டையால் அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டியிருக்கிறேன். வானூர்திப்பணிமனை ஐயா எழுதிய கடைசிப் பகுதியை அச்செடுத்து அதன் பின்புறம் ஒட்டிவிட்டேன். இனி மாதத்தின் முதல் ஞாயிறு தம்பி பானட்டைத் திறந்து, நான்கு குப்பிகளின் நிறத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவான். இன்று காலை எடுத்த முதல் படத்தில் நான்கும் நல்ல நீலமாக இருக்கின்றன.